இலவசமாக வைத்த பனி லேண்ட்: ஒரு பண்டிகைக் கால டிராஃப்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்தை ஒட்டிய புறநகர் ஒன்றில் இருக்கும் அட்டை விளையாட்டுக் கடையில் 2022 டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கடைகள் வலையமைப்பில் பதிவு பெற்ற கடை. அந்நிறுவனம் வெளியிடும் மேஜிக்: தி கேதரிங் என்ற அட்டை ஆட்டம் வாராவாரம் நடக்கும். உரிமையாளர், விற்பனை உதவியாளர் ஒருவர், சனிக்கிழமைகளில் வந்து உதவும் நடுவர் ஒருவர் என மூன்று பேர்தான் பொறுப்பு.

அந்த ஆண்டு யூதர்களின் ஹனுக்கா டிசம்பர் 18 மாலை தொடங்கியது. கிறிஸ்துமஸ் அடுத்த ஞாயிறு. வாடிக்கையாளர்களில் இரண்டையும் கொண்டாடுவோர் இருந்ததால் அழைப்பில் எந்தப் பண்டிகையின் பெயரும் இல்லை. ‘பனிக்கால டிராஃப்ட்’ என்று மட்டும் போட்டார்கள். பனி என்று வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடையின் பின்னறையில் அந்த ஆட்டத்தின் கால்ட்ஹைம் தொகுப்பின் டிராஃப்ட் பூஸ்டர் (அட்டைப் பாக்கெட்) பெட்டிகள் இரண்டு பிரிக்காமல் இருந்தன. 2021 பிப்ரவரியில் வெளியான தொகுப்பு அது. வைகிங் புராணச் சாயல் கொண்டது. பனி லேண்ட் என்ற அட்டை வகைதான் அதன் அடையாளம். பெட்டிக்கு 36 பாக்கெட், இரண்டு பெட்டிக்கு 72. ஒருவருக்கு மூன்று பாக்கெட் வீதம் சரியாக 24 பேருக்கு வரும். ஒரு பாக்கெட்கூட மிஞ்சாது. இந்தக் கணக்குப் பொருத்தம்தான் உரிமையாளரை இத்தொகுப்பின் பக்கம் இழுத்தது.

டிராஃப்ட் ஆடியிராதவர்களுக்காகச் சுருக்கம்: எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். முதல் பாக்கெட் இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். இப்படிச் சேர்ந்த 45 அட்டையிலிருந்து குறைந்தது 40 அட்டை கொண்ட டெக் (ஆடுவதற்கான அட்டைக்கட்டு) ஒன்றைக் கட்ட வேண்டும். வழக்கமாக 23 மந்திர அட்டை, 17 லேண்ட். மந்திர அட்டைகளுக்கு விலை கொடுப்பது லேண்ட்; அது தரும் ஆற்றலுக்கு மனா என்று பெயர், வகைக்கு ஒரு நிறம். பிளெயின்ஸ், ஐலண்ட், ஸ்வாம்ப், மவுன்டன், ஃபாரஸ்ட் என்ற ஐந்து சாதாரண லேண்டையும் எவ்வளவு வேண்டுமானாலும் கடையிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அவற்றை அடுக்கி வைக்கும் இடத்துக்கு லேண்ட் ஸ்டேஷன் என்று பெயர்.

பனி லேண்ட் வேறு. 1995-இல் ஐஸ் ஏஜ் தொகுப்பில் முதலில் வந்தது. 2006-இல் கோல்ட்ஸ்னாப், 2019-இல் மாடர்ன் ஹொரைசன்ஸ், அதன்பின் கால்ட்ஹைம். ‘ஸ்னோ-கவர்ட் ஃபாரஸ்ட்’ என்பதும் ஃபாரஸ்ட் மாதிரியே பச்சை மனாதான் தரும். ஆனால் பனி என்ற அடைமொழி அதன்மேல் இருப்பதால், பனியை எண்ணும் அட்டைகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கால்ட்ஹைமின் ஒவ்வொரு டிராஃப்ட் பாக்கெட்டிலும் ஒரு பனி லேண்ட் உண்டு. அதையும் தேர்வு செய்துதான் எடுக்க வேண்டும். ஒரு பனி லேண்டை எடுத்தால் ஒரு உயிரியையோ ஒரு மந்திரத்தையோ விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். அதனால் போட்டி விதி தெளிவாகவே சொல்கிறது: லேண்ட் ஸ்டேஷனிலிருந்து சாதாரண லேண்ட் மட்டும்தான் சேர்க்கலாம்; பனி லேண்டைக் கூடுதலாகச் சேர்க்கக் கூடாது.

திட்டம்

இருக்கை 24, மூன்று மேசை. கட்டணம் 20 டாலர். அதில் டிராஃப்டுக்கு மூன்று பாக்கெட். முடிவில் எல்லோருக்கும் அப்போது புதிதாக வந்திருந்த தி பிரதர்ஸ் வார் தொகுப்பில் ஒரு பாக்கெட். மூன்று சுற்றும் வென்றவருக்கு மேற்கொண்டு மூன்று, இரண்டு சுற்று வென்றவர்களுக்கு மேற்கொண்டு ஒன்று. எட்டுப் பேர் ஸ்விஸ் முறையில் (தோற்றவரும் வெளியேறாமல், தன்னளவு வெற்றி பெற்றவரோடு மோதுவது) மூன்று சுற்று ஆடினால், டிரா இல்லாதவரை ஒருவர் மூன்றையும் வெல்வார், மூவர் இரண்டை வெல்வார்கள். ஆக மேசைக்கு 14 பாக்கெட், மூன்று மேசைக்கு 42. புதிய பெட்டி ஒன்றைப் பிரித்தாலும் ஆறு குறையும் என்பதை முன்பே கண்டு எடுத்து வைத்திருந்தார்கள். பண்டிகை ஆட்டத்துக்கு இப்படித் தட்டையான பரிசுமுறைதான் ஏற்றது. முதலிடத்துக்குக் குவித்தால் புதிதாக வந்தவர்கள் இரண்டாவது சுற்றோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இவற்றோடு இரண்டு சேர்க்கை: இரண்டாவது சுற்றுக்குப் பிறகு பத்து டாலர் வரம்புக்குள் பரிசு மாற்றிக்கொள்ளும் விளையாட்டு, நாள் முழுக்கக் குலுக்கல். குலுக்கல் பரிசு ஃப்ரூட்கேக் எலிமென்டல். விஸார்ட்ஸ் நிறுவனம் 2006-இல் தொடங்கி ஆண்டுக் கடைசியில் வாழ்த்தாக அச்சிட்ட வேடிக்கை அட்டைகளில் முதலாவது அது. மூன்று மனாவுக்கு 7/7 (தாக்குதிறன் ஏழு, தாங்குதிறன் ஏழு) உயிரி, அழிக்க முடியாதது. ஆனால் வைத்திருப்பவருக்கே, அவருடைய ஒவ்வொரு முறை (ஆடுகிற வாய்ப்பு) முடிவிலும் ஏழு சேதம் தரும். மூன்று மனா கொடுத்தால் இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம். யாருக்கும் வேண்டாத கிறிஸ்துமஸ் கேக் கைமாறிக்கொண்டே போகிற பழக்கத்தை அறிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். வெள்ளி ஓரம் கொண்டதால் முறையான ஆட்டத்தில் செல்லாது.

குலுக்கலை மாற்றிய விதம்

முதல் திட்டத்தில் பத்து டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சீட்டு. கணக்கு வேலையில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு எச்சரித்தார். பணம் கொடுத்து, அதிர்ஷ்டத்தால், பரிசு பெறுவது என்ற மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கச் சட்டம் அதைச் சூதாட்டமாகப் பார்க்கும். ஒஹாயோ உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் அத்தகைய குலுக்கல் நடத்தும் உரிமை லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத்தான் இருக்கிறது, கடைக்குக் கிடையாது.

கடையில் டாய்ஸ் ஃபார் டாட்ஸ் பெட்டி ஒன்றும் இருந்தது. 1947 முதல் அமெரிக்க மரைன் ரிசர்வ் படையினர் நடத்தும் பொம்மை சேகரிப்பு அது. புதிய, தாள் சுற்றாத பொம்மைதான் வாங்குவார்கள். பொம்மை போட்டால் சீட்டு தரலாமே என்று உதவியாளர் கேட்டார். பொம்மையும் காசு கொடுத்து வாங்கியதுதான், அதுவும் விலையாகவே எண்ணப்படலாம் என்பதால் அதையும் விட்டார்கள். கடைசியில் கடைக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு, வாங்கினாலும் வாங்காவிட்டாலும், என்று முடிவானது. பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார்கள். பொம்மைப் பெட்டி தனியாக, எதோடும் முடிச்சுப் போடாமல் நின்றது.

அன்று காலை

நடுவர் பதினொரு மணிக்கு வந்து லேண்ட் ஸ்டேஷனைச் சரிபார்த்தார். 24 பேருக்கு ஆளுக்கு 17 என்றால் 408. ஐந்து வகையிலும் சம அளவில் போகாது; ஒரு மேசையில் பச்சை ஆடுபவர்கள் கூடினால் ஃபாரஸ்ட் மளமளவென்று தீரும். அதனால் வகைக்கு 110 வீதம் 550 வைத்தார்கள். அது போதும், மிஞ்சவும் செய்தது.

மேசை விரிப்பில் இருந்த மினுக்குத் தூளை நடுவர் எடுக்கச் சொன்னார். பார்க்க அழகுதான், ஆனால் அட்டையைப் போட்டு ஆடும் பிளாஸ்டிக் உறையின் பின்புறத்தில் ஒரு துகள் ஒட்டினாலும் அந்த அட்டை அடையாளம் தெரிகிற அட்டையாகிவிடும், எதிராளி நடுவரை அழைப்பார். சர்க்கரைப் பொடி தூவிய பிஸ்கட்டுகளை வாசல் பக்க மேசைக்கு மாற்றினார்கள். சூடான சாக்லேட் பானத்துக்கு மூடியுள்ள கோப்பை. கால்ட்ஹைமில் இருபுறமும் அச்சிட்ட அட்டைகள் வருவதால், உறை இல்லாமல் ஆடுபவர்களுக்குப் பாக்கெட்டோடு வரும் மாற்று அட்டைகளை ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள்.

இதையெல்லாம் முடித்துவிட்டு நடுவர் மேசை எண்களை ஒட்டப் போனார். அந்த நேரத்தில் உரிமையாளர் கல்லாப் பக்கம், சாக்லேட் குடுவைக்கு அருகில், சிவப்பு நாடா கட்டிய கண்ணாடிக் கிண்ணங்கள் ஐந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் நாற்பது பனி லேண்ட். கடையின் சில்லறை அட்டைக் கையிருப்பிலிருந்து எடுத்தவை. தனித்தனியாகப் பெரிய விலை போகாதவை. மேலே ஒரு அட்டையில் ‘எங்கள் பரிசு, தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் அவர் வைத்தார். ஆனால் எழுத்தில் அது இல்லை. வைத்த இடமும் லேண்ட் ஸ்டேஷனிலிருந்து ஆறடிதான்.

டிராஃப்ட்

பதிவு செய்த 24 பேரில் 23 பேர் வந்தார்கள். எட்டு, எட்டு, ஏழு என்று உட்கார்ந்தார்கள். வராதவர் முன்பணம் கட்டியிருந்ததால் அவருடைய மூன்று பாக்கெட்டையும் பெயர் எழுதி எடுத்து வைத்தார்கள். ஏழு பேர் மேசையில் சுற்றுக்கு ஒருவருக்கு ஆட்டம் இருக்காது. அவருக்கு இரண்டுக்குச் சுழியம் என்று வெற்றி எழுதப்படும். உதவியாளரை எட்டாவது ஆளாக உட்கார வைக்கலாம் என்ற யோசனையை விட்டார்கள், கல்லாவில் ஆள் வேண்டும். டிராஃப்டுக்கு நடுவே அவர் எழுந்து போனால் மேசையே நின்றுபோகும்.

பன்னிரண்டு இருபதுக்கு முதல் பாக்கெட். பழகியவர்கள் என்ன செய்தார்கள் என்பது முக்கியம். நான்காவது, ஐந்தாவது தேர்விலேயே சிலர் பனி லேண்டை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எட்டுப் பேர் மேசையில் மொத்தமே 24 பனி லேண்ட்தான். அதிலும் தன் நிறத்துக்கு ஒத்து வருவது சில. ஒருவர் மெனக்கெட்டால் ஆறோ ஏழோ தேறும். புதியவர்கள் அவற்றைக் கடைசி வரை தள்ளிவிட்டார்கள்.

முதல் பாக்கெட் முடிந்து இரண்டாவது பிரிக்கும் முன் ஐந்து நிமிட இடைவெளி. இரண்டாவது மேசைக்காரர் ஒருவர் சாக்லேட் வாங்கப் போனார், கிண்ணத்தைப் பார்த்தார், இதை டெக்கில் போடலாமா என்று உதவியாளரிடம் கேட்டார். கடையின் சில்லறை விற்பனை மட்டும் பார்க்கிற உதவியாளர், எழுதியிருப்பதைப் பார்த்து, போடலாம் என்றார். அவர் திரும்பி வந்து அடுத்த இரண்டு பாக்கெட்டிலும் ஒரு பனி லேண்டைக்கூட எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பனியால் பலம் பெறும் அட்டைகளாக வாரினார்: அவலாஞ்ச் காலர் இரண்டு, ஸ்கல்ப்டர் ஆஃப் விண்டர் ஒன்று, ஸ்பிரிட் ஆஃப் தி ஆல்டர்கார்ட் இரண்டு. கேள்வி கேட்டது நடுவருக்குத் தெரியாது.

டெக் கட்டும்போது தெரிந்தது

ஒன்று பதினைந்துக்கு டிராஃப்ட் முடிந்தது. டெக் கட்ட முப்பது நிமிடம். பத்து நிமிடம் போயிருக்கும். ஒன்றாவது மேசையில் ஏழு பனி லேண்டைச் சேர்த்து வைத்திருந்த ஒரு பெண், எதிரில் இருந்தவர் பதினேழும் பனியாக அடுக்குவதைப் பார்த்து நடுவரை அழைத்தார். அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் கிண்ணம் நடுவர் கண்ணில் பட்டது. அதற்குள் பத்துப் பேர் எடுத்திருந்தார்கள்.

இதனால் என்ன கெடும் என்பதை ஒரு அட்டையை வைத்தே பார்க்கலாம். ஸ்பிரிட் ஆஃப் தி ஆல்டர்கார்ட் நான்கு மனாவுக்கு 0/4. நீங்கள் வைத்திருக்கும் மற்ற ஒவ்வொரு பனி அட்டைக்கும் அதன் தாக்குதிறன் ஒன்று கூடும். களத்தில் ஐந்து லேண்ட், அதில் இரண்டு பனி என்றால் அது 2/4, சுவர் மாதிரி நிற்கிற உயிரி. ஐந்தும் பனி என்றால் 5/4. அவலாஞ்ச் காலர் இரண்டு மனாவுக்கு ஒரு பனி லேண்டை அந்த முறை மட்டும் 4/4 உயிரியாக்கி உடனே தாக்க விடும். ஒன்றோ இரண்டோ பனி லேண்ட் வைத்திருப்பவர் அதை இழக்கப் பயந்து யோசிப்பார். பதினேழும் பனி என்றால் பயமே இல்லை. தொகுப்பை வடிவமைத்தவர்கள் இவற்றுக்கு வைத்த விலை, பனி லேண்ட் கிடைப்பது அரிது என்ற எண்ணத்தில் வைத்தது. கிண்ணம் அந்த விலையை ரத்து செய்துவிட்டது. பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில்லை என்பதுதான் சிக்கல்: தேர்வுகளைச் செலவழித்து லேண்ட் சேர்த்தவர்களுக்கு நஷ்டம், சேர்க்காமல் பனியால் பலம் பெறும் அட்டைகளை எடுத்தவர்களுக்கு லாபம், சிவப்பு–வெள்ளை ஆடுபவர்களில் பலருக்கு எதுவுமில்லை.

மூன்று வழிகள்

நடுவரும் உரிமையாளரும் பின்னறையில் சில நிமிடம் பேசினார்கள். முதல் வழி, கடையே எழுதி வைத்ததால் எல்லோரையும் எடுக்க விடுவது. பண்டிகை ஆட்டம், கெடுபிடி எதற்கு என்பது உரிமையாளரின் முதல் எண்ணம். இது எளிது. ஆனால் கிண்ணத்தில் இருப்பது வகைக்கு நாற்பது. பச்சை, நீலம் ஆடுபவர்களுக்கே போதாது. யார் முதலில் ஓடினாரோ அவருக்கு என்றாகிவிடும். டிராஃப்டில் செய்த தேர்வுகளையும் திருப்பித் தர முடியாது.

இரண்டாவது, ஆளுக்கு மூன்று என்று வரம்பு. நியாயமாகத் தோன்றும். ஏழு சேர்த்தவருக்குப் பத்தாகும், ஒன்றும் சேர்க்காதவருக்கு மூன்றாகும். ஏற்கெனவே இருந்த சமமின்மை அப்படியே நகரும். எந்த விதியிலும் இல்லாத எண் என்பதால் ஏன் மூன்று, ஏன் நான்கு இல்லை என்ற கேள்விக்கும் பதில் இருக்காது.

மூன்றாவது, விதிப்படி கிண்ண லேண்டை முழுக்கத் திரும்பப் பெறுவது. இதைத்தான் எடுத்தார்கள். பாக்கெட்டைப் பிரிக்கும்போது எல்லோரும் எந்த விதியை நம்பித் தேர்வு செய்தார்களோ அந்த விதியில் ஆட வைப்பதே குறைந்த பாதிப்பு என்பது நடுவரின் வாதம். இன்னும் முதல் சுற்று தொடங்கவில்லை என்பதும் சாதகம். ஒரு ஆட்டம் முடிந்திருந்தால்கூட இதே முடிவு கடினமாகியிருக்கும்.

அமல்படுத்திய விதம்

சாதாரணக் கடை ஆட்டத்தில் யார் என்ன அட்டை எடுத்தார் என்று பட்டியல் எழுதுவதில்லை. அப்படியானால் எது கிண்ணத்தது, எது பாக்கெட்டில் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? அட்டையின் இடப்பக்கக் கீழ்மூலையில் மூன்றெழுத்துத் தொகுப்புக் குறியும் வரிசை எண்ணும் இருக்கும். கால்ட்ஹைம் பனி லேண்டில் கே.எச்.எம். என்ற குறி, 276 முதல் 285 வரை எண். கிண்ணத்தில் இருந்தவை பெரும்பாலும் மாடர்ன் ஹொரைசன்ஸ், எம்.எச்.1 என்ற குறி, 250 முதல் 254. கொஞ்சம் கோல்ட்ஸ்னாப் அட்டைகளும் இருந்தன. அவை பழைய சட்டகம் என்பதால் அந்த மூலையில் குறியே கிடையாது. கடையின் கையிருப்பில் கால்ட்ஹைம் பனி லேண்ட் இல்லாதது வெறும் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் பிரிக்க வழியே இல்லை, ஆளாளுக்கு வாய்மொழியை நம்ப வேண்டியதுதான்.

நடுவர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரே முறை அறிவித்தார்: கடையின் தவறு, எடுத்தவர்கள் மேல் தவறில்லை, கீழ்மூலையைப் பாருங்கள், கே.எச்.எம். தவிர மற்ற பனி லேண்டைக் கொடுத்துவிட்டுச் சாதாரண லேண்டை எடுங்கள், டெக் கட்ட இன்னும் பதினைந்து நிமிடம். யாரையும் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. கிண்ணங்களை உதவியாளர் உள்ளே எடுத்துப் போனார். உறைக்குள் போட்டுவிட்டவர்களுக்குத்தான் அலுப்பு. உருவி, மாற்றி, மறுபடி கலைக்க வேண்டியிருந்தது.

அப்படியும் ஒன்று தப்பியது. முதல் சுற்றின் நடுவே ஒருவர் இறக்கிய ஸ்னோ-கவர்ட் ஃபாரஸ்டின் மூலையில் எம்.எச்.1 இருப்பதை எதிராளி கண்டார். போட்டி மட்டம் சாதாரணம் என்பதால் தண்டனை இல்லை. நடுவர் அந்த அட்டையைச் சாதாரண ஃபாரஸ்டாக மாற்றி, டெக்கில் வேறு இருக்கிறதா என்று பார்த்து, கலைக்கச் சொல்லி, ஆட்டத்தை அதே இடத்திலிருந்து தொடரவிட்டார். இரண்டு நிமிட வேலை. அந்த மேசைக்கு மட்டும் அதே அளவு கூடுதல் நேரம்.

கேட்டுவிட்டு எடுத்தவர்

இடைவேளையில் உதவியாளரிடம் கேட்டவர் அறிவிப்பு முடிந்ததும் நடுவரிடம் வந்தார். விதி தெரியாமல் எடுத்த ஒன்பது பேருக்கும் இவருக்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் டிராஃப்ட் முடிந்தபின் எடுத்தவர்கள். திருப்பித் தந்தால் பழைய நிலைக்கே வருவார்கள். இவர் கடையின் பதிலை நம்பி இரண்டு பாக்கெட் தேர்வுகளைத் திருப்பியவர். கையில் ஐந்து பனிப் பலன் அட்டை, பனி லேண்ட் என்று பார்த்தால் முதல் பாக்கெட்டில் வந்த ஒன்றே ஒன்று. உதவியாளரும் தாம் சொன்னதை மறைக்கவில்லை.

இவருக்கு மட்டும் கிண்ண லேண்டை அனுமதிக்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். நடுவர் மறுத்தார்: அவருக்குச் செய்த தவறைத் தீர்க்க, அவரோடு மோதப்போகிற மூன்று பேருக்குத் தவறு செய்வதாகும். ஆட்டத்துக்குள் ஈடு கட்ட முடியாததை ஆட்டத்துக்கு வெளியே கட்டலாம் என்று முடிவாகி, கட்டணம் 20 டாலரையும் கடைக் கணக்கில் வரவு வைத்தார்கள். விலகினாலும் பாக்கெட்டுகள் அவருக்கே, ஆடினாலும் வரவு அவருக்கே. அவர் ஆடினார். நீலத்தை விட்டுப் பச்சையோடு கறுப்பைச் சேர்த்து டெக்கை மாற்றிக் கட்டினார்; மூன்றில் ஒன்றை வென்றார்.

ஒன்றாவது மேசையிலிருந்து நடுவரை அழைத்த பெண்ணுக்கு ஈடு எதுவும் தரவில்லை. அவருடைய ஏழு பனி லேண்டும் அவற்றுக்குரிய மதிப்போடு அவரிடமே இருந்தன.

பரிசு மாற்று

முதல் சுற்று இரண்டு ஐந்துக்குத் தொடங்கியது. சுற்றுக்கு ஐம்பது நிமிடம். நேரம் முடிந்தால் கூடுதல் ஐந்து முறை. இரண்டு சுற்றும் நான்கு பத்துக்குள் முடிந்தன. அடுத்தது பரிசு மாற்று. பதினேழு பேர் கலந்துகொண்டார்கள். வரிசை எண்படி ஒருவர் நடுவிலிருக்கும் பொதியைப் பிரிக்கலாம், அல்லது முன்னால் பிரித்தவரிடமிருந்து பறித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் டிசம்பரில் சகஜமாக நடக்கிற விளையாட்டு.

கடை முன்கூட்டியே வகுத்த விதிகளில் இரண்டு நன்றாக வேலை செய்தன. பிரிக்காத, முத்திரை கலையாத பொருள் மட்டும்தான். தனி அட்டைகளைக் கட்டிக் கொண்டுவரக் கூடாது. தனி அட்டை என்றால் ஒருவர் பத்து டாலர் என்று சொல்வதை இன்னொருவர் இரண்டு டாலர் என்பார். இரண்டாவது, ஒரு பொருளை இரண்டு முறைக்கு மேல் பறிக்க முடியாது. வகுக்காமல் விட்டது சிறுவர்களுக்கான விதி. அப்பாவோடு வந்திருந்த பத்து வயதுச் சிறுவன் பிரித்த பூஸ்டர் பாக்கெட்டுகள் உடனே பறிபோய், அவன் கைக்கு அட்டைகளை வைக்கும் வெறும் பெட்டி ஒன்று வந்தது. அவன் முகத்தைப் பார்த்து எடுத்தவரே திருப்பித் தர முன்வந்தார். ஆனால் அதற்குள் அது இன்னொருவர் கைக்குப் போய்ப் பூட்டப்பட்டுவிட்டது. உதவியாளர் கல்லாவுக்கு அடியில் வைத்திருந்த உபரிப் பொதிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்துச் சமாளித்தார். இருபது நிமிடம் என்று நினைத்தது முப்பத்தைந்து ஆனது. பறிப்பு உள்ள விளையாட்டுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கணக்கிட வேண்டும்.

முடிவு

மூன்றாவது சுற்று ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. 41 பாக்கெட் பரிசாகப் போயின. குலுக்கலில் ஃப்ரூட்கேக் எலிமென்டல், ஆட்டத்தில் சேராமல் மகளோடு பொம்மை போட வந்தவருக்கு விழுந்தது. அவர் அதை ஏழு பேர் மேசையில் மூன்றும் வென்றவருக்குக் கொடுத்துவிட்டார். கிண்ண லேண்டை வெளியே போகும்போது ஆளுக்கு ஐந்து வீதம் உரிமையாளர் கையில் கொடுத்தார்.

யாரும் நடுவில் விலகவில்லை. ஆனால் கிண்ணத்திலிருந்து பதினேழு எடுத்திருந்த ஒன்றாவது மேசைக்காரர், கடை எழுதி வைத்த வாக்கைக் கடையே மீறியது என்ற கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. விதிக்கும் அறிவிப்புக்கும் முரண் வந்தால் விதிதான் நிற்கும் என்பது நடுவருக்குச் சரி. வாடிக்கையாளர் முதலில் படிப்பது அறிவிப்பைத்தான். அவருக்கும் ஒரு பாக்கெட் ஈடாகக் கொடுத்திருக்கலாம் என்று உதவியாளர் பிறகு சொன்னார். அப்படியானால் பத்துப் பேருக்கும் கொடுக்க வேண்டும் என்று உரிமையாளர் மறுத்தார். இதில் கடைக்குள்ளேயே இன்றும் ஒரே கருத்து இல்லை.

அடுத்த முறைக்கு மாற்றியவை

அட்டையாக இருக்கிற எதுவும், அலங்காரமானாலும் பரிசானாலும், கடைசிச் சுற்று முடியும்வரை ஆட்டக்கூடத்தில் வெளியே இருக்கக் கூடாது என்பது முதல் மாற்றம். பனி லேண்ட் கொடுப்பதாக இருந்தால் அது வாசலில், போகும்போது. லேண்ட் ஸ்டேஷனில் ஐந்து தட்டு மட்டும். மேலே ‘சாதாரண லேண்ட் மட்டும் சேர்க்கலாம், பனி லேண்ட் நீங்கள் எடுத்தது மட்டும்’ என்று எழுத்து. அதையே முதல் பாக்கெட் பிரிக்கும் முன் நடுவர் வாயாலும் சொல்வார். பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான், அரை நிமிடம் செலவு. புதியவர்களுக்கோ பனி லேண்டுக்கு மதிப்பு உண்டு என்று தெரிய வருவதே அப்போதுதான்.

விதி பற்றிய எந்தக் கேள்வியானாலும் கல்லாவில் பதில் சொல்லாமல் நடுவரிடம் அனுப்ப வேண்டும் என்று உதவியாளருக்குச் சொல்லப்பட்டது. நடுவரின் காலைச் சரிபார்ப்பு பதினொரு மணியிலிருந்து, வாடிக்கையாளர்களை உட்கார வைப்பதற்குப் பத்து நிமிடம் முன் என்று மாறியது. அதற்குப் பிறகு எதையும் வெளியே வைப்பதில்லை. பரிசு மாற்றில் பதின்மூன்று வயதுக்குட்பட்டவர் பிரித்ததைப் பறிக்க முடியாது. அது முழுவதும் கடைசிச் சுற்றுக்குப் பின்னால் தள்ளப்பட்டது, அவசரமுள்ளவர்கள் கிளம்பிவிடலாம். எடுத்து வைத்த மூன்று பாக்கெட்டையும் வராதவர் ஜனவரியில் வந்து வாங்கிப் போனார்.